கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? ஃபார்மட் செய்யும் முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்ததும் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் முதல் யோசனை, "ஃபார்மட் பண்ணிடு, சரியாயிடும்" என்பதுதான். தயவுசெய்து அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ராம் சரியாக உட்காரவில்லை என்றாலோ, பவர் கேபிள் ஒன்று கழன்றிருந்தாலோ ஃபார்மட் எதையும் சரிசெய்யாது. உங்கள் போட்டோக்களையும் ஃபைல்களையும் மட்டும் அழித்துவிடும்.

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை நான்கு கட்டங்கள் உண்டு. முதலில் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் உள்ள பவர் சப்ளை பெட்டி) மின்சாரம் தருகிறது. அடுத்து மதர்போர்டு தன்மேல் உள்ள பிராசஸர், ராம், கிராபிக்ஸ் ஆகியவற்றைச் சோதிக்கிறது. பிறகு பயாஸ் (மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க சாஃப்ட்வேர்), விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைத் தேடுகிறது. கடைசியில் விண்டோஸ் ஏறுகிறது. உங்கள் கம்ப்யூட்டர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியாமல் எதையும் கழற்றவோ மாற்றவோ வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, ஆன் செய்து பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது, மறுபடி வந்தால் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

## 1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

பில்லும் சீரியல் நம்பரும். வாரண்டி இருக்கிறதா என்று திறப்பதற்கு முன்பே பாருங்கள். லேப்டாப்பின் அடியிலும் பிராண்டட் டெஸ்க்டாப்பின் பக்கவாட்டிலும் சீரியல் நம்பர் ஸ்டிக்கர் இருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் அதைப் போட்டால் வாரண்டி முடியும் தேதி தெரியும். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. ஒரு வருடம் தாண்டிவிட்டது என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. ராமுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பெரும்பாலும் அதைவிட நீண்ட வாரண்டி தருகிறார்கள்.

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெகவரி கீ. இதைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டிருக்கும். சாதாரண நாட்களில் அது தெரியவே தெரியாது. பயாஸில் ஏதாவது மாற்றினாலோ, மதர்போர்டு மாறினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டாலோ நீல நிறத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது இல்லாமல் உள்ளே இருக்கும் எதையும் எடுக்க முடியாது, எந்த சர்வீஸ் கடையாலும் முடியாது. போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பட்டியலில் இந்தக் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்தால் ரெகவரி கீ இருக்கும். அதைப் பேப்பரில் எழுதி வைத்துவிட்டு மேலே படியுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், திரையில் வரும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுக்க வேண்டும். குடும்பத்தில் வேறொருவரின் கணக்கில் முதன்முதலாக செட்டப் செய்திருந்தால், கீ அவர் கணக்கில்தான் இருக்கும்.

கருவிகள். ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், காலியான 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ், ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர். வரும் எரர் மெசேஜ் எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுங்கள்.

## 2. எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பட்டனை அழுத்திவிட்டு இரண்டு நிமிடம் சும்மா கவனியுங்கள்.

லைட், ஃபேன், சத்தம் எதுவும் இல்லை: படி 3. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பு. அல்லது ஆன் ஆகி சில நொடிகளில் அணைந்து திரும்பத் திரும்ப ஆன் ஆகிறது: படி 4. கம்பெனி லோகோ வருகிறது, பிறகு "நோ பூட்டபிள் டிவைஸ்" போன்ற வரி: படி 5. விண்டோஸின் சுற்றும் புள்ளிகளிலோ நீலத் திரையிலோ நிற்கிறது: படி 6.

திரை கறுப்பு என்றால் மானிட்டரையும் சந்தேகப்படுங்கள். மானிட்டர் "நோ சிக்னல்" என்று காட்டினால் அதற்கு உயிர் இருக்கிறது, கேபிளில் எதுவும் வரவில்லை என்று பொருள். எந்த ஓட்டையில் கேபிள் செருகியிருக்கிறதோ அதே இன்புட் மானிட்டர் மெனுவில் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பில், இருட்டறையில் திரைமேல் டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? தெரிந்தால் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, திரையின் பேக்லைட்தான் போயிருக்கிறது. வெளி மானிட்டரை இணைத்து வேலையைத் தொடரலாம்.

## 3. பவரே வரவில்லை

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்து நேரடியாகச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். டெஸ்க்டாப்பின் பின்புறம் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சுவிட்ச் இருக்கும். தூசி தட்டும்போது பலர் தெரியாமல் அணைத்துவிடுவது இதைத்தான். பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றில் 115/230 என்று எழுதிய சிவப்பு சுவிட்சும் உண்டு. 230 வோல்ட் வரும் இடத்தில் அதை 115-க்குத் தள்ளி ஆன் செய்தால் எஸ்எம்பிஎஸ் அங்கேயே எரிந்துவிடும், ஆகவே அதைத் தொடாதீர்கள்.

லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றுங்கள், பவர் பட்டனை 30 நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரத்தால் ஆன் ஆகாமல் இருக்கும் லேப்டாப்கள் இதிலேயே எழுந்துவிடும். டைப்-சி சார்ஜர் என்றால் அதில் எழுதியுள்ள வாட்ஸ் அளவைப் பாருங்கள். 65 வாட்ஸ் கேட்கும் லேப்டாப்பை 18 வாட்ஸ் போன் சார்ஜர் எழுப்பாது.

டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது, அடிப்பகுதி மேசையில் சமமாக உட்காரவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. இதை வீட்டில் பார்க்க வேண்டாம், சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

டெஸ்க்டாப்பைத் திறக்கலாம். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி, கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். மதர்போர்டில் 24 பின் கொண்ட பெரிய கனெக்டரையும், பிராசஸருக்குப் பக்கத்தில் உள்ள 4 அல்லது 8 பின் கனெக்டரையும் கழற்றி, கிளிக் சத்தம் வரும்வரை மறுபடி அழுத்துங்கள்.

பவர் பட்டனே பழுதாகியிருக்கலாம். கேபினட்டிலிருந்து வரும் மெல்லிய வயர்கள் மதர்போர்டின் ஓரத்தில் உள்ள சிறு பின்களில் செருகியிருக்கும். அதில் பவர் சுவிட்ச் என்று குறித்த இரண்டு பின்களை (மேனுவலில் படம் இருக்கும்) பவர் கேபிளை மறுபடி மாட்டிய நிலையில் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி ஒன்றாகத் தொடுங்கள். ஆன் ஆனால் குற்றவாளி பட்டன். ரீசெட் பட்டனின் வயரைப் பவர் பின்களில் மாட்டிவிட்டால் செலவே இல்லாமல் ஓட்டலாம்.

இதற்கும் அசையவில்லை என்றால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல் விழுகிறது. நன்றாக ஓடும் இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. ஃபேன் சுற்றுவதால் மட்டும் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். லோடு ஏறும்போது வோல்டேஜ் இறங்கிவிடும் எஸ்எம்பிஎஸ்கள் உண்டு. மல்டிமீட்டர் இருந்தால், 12 வோல்ட் வயர் 11.4-க்கும் 12.6-க்கும் இடையே இருக்க வேண்டும், 5 வோல்ட் வயர் 4.75-க்கும் 5.25-க்கும் இடையே. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். கேபிளைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

## 4. ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை

வீட்டில் அதிகம் வரும் கோளாறு இதுதான், வீட்டிலேயே சரியாவதும் பெரும்பாலும் இதுதான். முதல் சந்தேகம் ராம்.

கேபிளைப் பிடுங்கிவிட்டு ராம் ஸ்டிக்குகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தங்க நிறக் காண்டாக்ட்டுகளை மென்மையான பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ரப்பர் துகள் எதுவும் ஒட்டாமல் துடையுங்கள். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். பெயின்ட் அடிக்கும் உலர்ந்த சிறு பிரஷ் போதும். இப்போது ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட். போர்டில் ஏ2 என்று அச்சிட்டிருக்கும். ஸ்டிக்கில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் ஒரே நேரில் இருக்க வேண்டும். இரண்டு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்தினால் பூட்டு தானாக ஏறி மூடும். முதல்முறை செய்பவர்கள் உடைந்துவிடும் என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு முனை மட்டும் ஏறி நிற்கும் ராம்தான் இந்தக் கோளாறின் பாதிக் கதை. ஆன் செய்து பாருங்கள். வரவில்லை என்றால் அடுத்த ஸ்டிக், பிறகு அடுத்த ஸ்லாட்.

ஒரு விஷயத்தில் பொறுமை வேண்டும். டிடிஆர்5 ராம் போட்ட கம்ப்யூட்டர்கள், ராமை மாற்றியதும் முதல்முறை ஆன் ஆகும்போது அதை அளந்து பழக நேரம் எடுத்துக்கொள்ளும். திரை கறுப்பாகவே சில நிமிடங்கள் இருக்கலாம். பத்து நிமிடமாவது விடுங்கள். ஒரு நிமிடத்தில் அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும்.

அடுத்து கிராபிக்ஸ். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் செருகியிருக்க வேண்டும், மதர்போர்டின் ஓட்டையில் அல்ல. கார்டுக்குத் தனி பவர் கேபிள் இருந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள். கார்டைக் கழற்றி மதர்போர்டு வழியாக டிஸ்ப்ளே வருகிறதா என்று சோதிக்கலாம். ஆனால் இன்டெல் பிராசஸர் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதில் கிராபிக்ஸே கிடையாது, அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது.

மதர்போர்டே சொல்லும் தகவல்களைக் கேளுங்கள். புதிய போர்டுகளில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு சின்ன லைட்டுகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. பழைய போர்டுகள் பீப் சத்தம் போடும். அந்தச் சத்தத்தின் பொருள் பயாஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எனவே உங்கள் மாடலின் மேனுவலில் பாருங்கள், பொதுப் பட்டியலை நம்ப வேண்டாம்.

இன்னும் வரவில்லை என்றால் பயாஸை ரீசெட் செய்யுங்கள். பிட்லாக்கர் கீ கையில் இருக்கிறதா என்று இன்னொருமுறை உறுதிசெய்துகொண்டு, பவர் கேபிளைப் பிடுங்கி, மதர்போர்டில் உள்ள காசு வடிவ சீமாஸ் பேட்டரியை (பயாஸ் செட்டிங்ஸையும் தேதியையும் காப்பது) ஐந்து நிமிடம் கழற்றி வைத்து மறுபடி மாட்டுங்கள். அது பெரும்பாலும் சிஆர்2032, புதியதில் 3 வோல்ட் இருக்கும். சில ஆண்டுகள் ஓடிய கம்ப்யூட்டர் என்றால் புதிதாகவே மாற்றிவிடுங்கள். இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான பாகம் அதுதான். தேதி தானாகப் பல வருடம் பின்னால் போய்விடுகிறது என்றால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

ஆன் ஆகி, பயாஸ் வரை வந்து, ஒரு நிமிடத்துக்குள் சட்டென்று அணைந்தால் சூட்டைச் சந்தேகப்படுங்கள். பிராசஸர் ஃபேன் சுற்றுகிறதா, ஹீட்சிங்க் (பிராசஸர் மேல் உட்காரும் உலோகக் குளிர்விப்பான்) நான்கு மூலையிலும் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்சிங்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட்டை (இடையில் வெப்பம் கடத்தும் பசை) முழுவதும் துடைத்துவிட்டுப் புதிது வைத்தே மாட்ட வேண்டும். பட்டாணி அளவு போதும்.

## 5. லோகோ வருகிறது, டிஸ்க் கிடைக்கவில்லை

முதலில் பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். செருகி மறந்த பென் டிரைவிலிருந்து பூட் ஆக (தொடங்க) முயன்று நிற்கும் கம்ப்யூட்டர்கள் ஏராளம்.

பிறகு ஆன் ஆனதும் டெலிட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போங்கள். அங்கே உங்கள் எஸ்எஸ்டி அல்லது ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

தெரிகிறது என்றால் பூட் வரிசையில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" முதலில் இருக்கட்டும். சீமாஸ் ரீசெட் செய்த பிறகு இந்தக் கோளாறு வந்திருந்தால், சாட்டா மோட் (டிஸ்க்கோடு பேசும் முறை) மாறியிருக்கக்கூடும். ஏஹெச்சிஐ, ரெய்டு, இன்டெல் விஎம்டி ஆகியவற்றில் விண்டோஸ் போட்டபோது எது இருந்ததோ அதுவே மறுபடி இருக்க வேண்டும். யூஇஎஃப்ஐ, லெகசி (பூட் ஆகும் புதிய, பழைய முறைகள்) விஷயமும் அப்படித்தான். ஒன்றை மாற்றி, சேவ் செய்து, பார்த்து, சரியாகவில்லை என்றால் பழையபடி திருப்பி வையுங்கள்.

தெரியவில்லை என்றால் கேபினட்டைத் திறந்து டிஸ்க்கின் கேபிளை மாற்றிப் பாருங்கள், எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டில் நேராகச் செருகும் சிறு பட்டை) என்றால் ஸ்க்ரூவைக் கழற்றி, வெளியே எடுத்து, மறுபடி செருகுங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சீரான சத்தம் வந்தால் அணைத்துவிடுங்கள். அது சாகும் தறுவாயில் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளே இன்னும் கொஞ்சம் அழியலாம். உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால் நேராக டேட்டா ரெகவரி செய்பவர்களிடம் கொண்டுபோங்கள். அதன் செலவு புது டிஸ்க்கைவிடப் பல மடங்கு ஆகும் என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

## 6. விண்டோஸ் பாதியில் நிற்கிறது

"அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்" என்று இருந்தால் அணைக்காதீர்கள். டிஸ்க் லைட் சிமிட்டிக்கொண்டிருக்கும்வரை வேலை நடக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு, மூன்று மணி நேரம் போவது சாதாரணம்.

பாஸ்வேர்டு போட்ட பிறகு கறுப்புத் திரையும் மவுஸ் அம்பும் மட்டும் தெரிந்தால், விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கு கீகளையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும், சில சமயம் அதுவே போதும்.

அதற்கும் வரவில்லையா? லோகோ தெரிந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இதை இரண்டு முறை செய்தால் மூன்றாவது முறை ரிப்பேர் திரை தானாக வரும். வராவிட்டால், இன்னொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் பென் டிரைவை விண்டோஸ் இன்ஸ்டால் டிஸ்க்காக மாற்றி, அதிலிருந்து பூட் செய்து, இன்ஸ்டால் என்பதைத் தொடாமல் "ரிப்பேர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும்.

அங்கே "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" உள்ளே இந்த வரிசையில் போங்கள். முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். சரியாகவில்லை என்றால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். முந்தைய நாள் அப்டேட் வந்திருந்தால் இதுவே முதல் சந்தேகம். அடுத்து ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு எண் 4 அழுத்தினால் சேஃப் மோட். சேஃப் மோடில் ஓடுகிறது என்றால் விண்டோஸ் நன்றாக இருக்கிறது, சமீபத்தில் போட்ட டிரைவரோ சாஃப்ட்வேரோதான் தொல்லை. அதை அங்கேயே நீக்குங்கள். கடைசியாக சிஸ்டம் ரீஸ்டோர், பழைய ரீஸ்டோர் பாயின்ட் இருந்தால் மட்டும். இவை எதுவும் உங்கள் சொந்த ஃபைல்களைத் தொடாது.

## 7. ரீசெட்டுக்கு முன் ஃபைல்களை வெளியே எடுங்கள்

டிஸ்க் உயிரோடு இருக்கிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் எதையும் கழற்றாமலே ஃபைல்களை எடுக்க வழி இருக்கிறது. அதே ரிப்பேர் திரையில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் நோட்பேட் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். நோட்பேட் வந்ததும் ஃபைல் மெனுவில் ஓப்பன் போங்கள், கீழே ஃபைல் வகையை "ஆல் ஃபைல்ஸ்" என மாற்றுங்கள். அந்தச் சின்ன ஜன்னலே உங்கள் ஃபைல் எக்ஸ்ப்ளோரர். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயர் உள்ள ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேஸ்ட் செய்யலாம். இங்கே டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம், சி இருந்த இடத்தில் டி இருந்தால் பதற வேண்டாம். காப்பி ஆகும்போது எத்தனை சதவீதம் என்று எதுவும் காட்டாது. ஜன்னல் உறைந்ததுபோல் நிற்கும். அப்படியே விட்டுவிடுங்கள். ஃபோல்டர்களைச் சிறிது சிறிதாக எடுத்தால் எது முடிந்தது என்று தெரியும்.

கம்ப்யூட்டரே போய்விட்டது, டிஸ்க் மட்டும் நல்லது என்றால் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் படிக்கலாம். எம்.2 எஸ்எஸ்டிக்குக் கேஸ் வாங்கும்போது உங்களுடையது சாட்டாவா, என்விஎம்இயா (இணைப்பின் இரண்டு வகைகள்) என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும், ஒன்றுக்கான கேஸ் மற்றதைப் படிக்காது.

ஃபைல்கள் வெளியே வந்த பிறகு "ரீசெட் திஸ் பிசி". "கீப் மை ஃபைல்ஸ்" தேர்ந்தெடுத்தாலும் நீங்கள் போட்ட சாஃப்ட்வேர்கள் எல்லாம் போய்விடும். "கிளவுட் டவுன்லோட்" சுமார் 4 ஜிபி டேட்டா இழுக்கும். எஸ்எஸ்டியில் ஒரு மணி நேரம், பழைய ஹார்ட் டிஸ்க்கில் அரை நாள்கூட ஆகும். லேப்டாப்பின் சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கே காட்டவில்லை என்றால் பெரும்பாலும் இன்டெல் விஎம்டி டிரைவர் தேவைப்படுகிறது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதே பென் டிரைவில் எடுத்து வைத்து "லோட் டிரைவர்" கொடுங்கள். விண்டோஸ் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, அதே போர்டில் மறுபடி போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

## 8. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

மதர்போர்டு, பிராசஸர், உப்பிய பேட்டரி, தண்ணீர் போன லேப்டாப் ஆகியவை வீட்டு வேலை அல்ல. தண்ணீர் போயிருந்தால் ஆன் செய்து பார்க்கவே கூடாது, சார்ஜரையும் செருகக் கூடாது.

என்னென்ன செய்து பார்த்தீர்கள், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தச் சோதனைகளுக்கே மறுபடி கூலி கொடுப்பதைத் தவிர்க்க அது உதவும். டிஸ்க்கைக் கழற்ற முடிந்தால் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். முடியாவிட்டால், "கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எஸ்டிமேட் எழுத்தில் இருக்கட்டும், வேலை தொடங்கும் முன். பாகம் மாற்றினால் பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாரண்டியில் மாற்றும்போது அவர்களே எடுத்துக்கொள்வார்கள், மற்ற நேரத்தில் அது உங்களுடையது. புதிய பாகத்துக்குத் தனி பில்லும், அதில் சீரியல் நம்பரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் மாற்றுவது எந்த வயதுக் கம்ப்யூட்டருக்கும் பெரும்பாலும் லாபம்தான். இவற்றைப் பின்னால் வேறு கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாம். வாரண்டி முடிந்த பழைய லேப்டாப்பில் மதர்போர்டு மாற்றச் சொன்னால் மட்டும், அதே வசதியுள்ள லேப்டாப்பின் இன்றைய விலையை விசாரித்த பிறகே சரி சொல்லுங்கள்.